பந்திக்குள் பட்டியல் வைக்கலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல். மொழியில் எந்தக் குறிச்சொல்லுக்குள் (பக்கத்தின் ஒரு பகுதி இன்னதென்று காட்டும் குறிக்குள்) எது வரலாம், எது வரக்கூடாது என்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டிருந்தோம். அந்த விதிகள் கல்மேல் எழுத்து அல்ல, வாதிட்டு மாற்றப்படுபவை என்றும் அதில் கூறியிருந்தோம். அதையொட்டி மலையகத்தின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறோம்.

நான் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறேன். அண்ணாவின் பழைய குறிப்புப் புத்தகத்தில் எழுத்துருவையும் நிறத்தையும் மாற்ற ‘ஃபொண்ட்’, எழுத்தை நடுவில் நிறுத்த ‘சென்டர்’ என்ற குறிச்சொற்கள் இருக்கின்றன. அவை நீக்கப்பட்டுவிட்டன, எழுதக்கூடாது என்கிறார் எங்கள் ஆசிரியர். ஆனால் என் கைத்தொலைபேசியில் எழுதிப் பார்த்தபோது இரண்டும் வேலை செய்தன. நீக்கப்பட்டது எப்படி வேலை செய்யும்?
– மாணவி, தலவாக்கலை

ஆசிரியர் சொன்னதும் சரி, தொலைபேசி காட்டியதும் சரி. எச்.டி.எம்.எல். தரநிலை என்பது ஒரே அட்டைக்குள் கட்டப்பட்ட இரண்டு விதிப் புத்தகங்கள் என்று எண்ணிக்கொண்டால் குழப்பம் தீரும். ஒன்று, பக்கத்தை எழுதுபவருக்கானது. மற்றது, அதை வாசித்துத் திரையில் காட்டும் உலாவிக்கானது. முதற் புத்தகம் ‘ஃபொண்ட்’ என்பதை எழுதாதே என்கிறது. இரண்டாவது புத்தகமோ, யாராவது அதை எழுதியிருந்தால் இன்ன விதமாகக் காட்டு என்று உலாவிக்கு இன்றும் கட்டளையிடுகிறது.

இந்த இரட்டை நிலை ஏன் என்று கேட்டால், என்னால் நம் மொழியின் கதையைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. ‘ஃபொண்ட்’ குறிச்சொல்லை உலாவி நிறுவனங்களே 1990களின் நடுப்பகுதியில் புகுத்தின. தோற்றத்தைக் கவனிக்க சி.எஸ்.எஸ். என்ற தனி மொழி 1996 டிசம்பரில் தரநிலையாக வந்துவிட்டதால், 1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4 ‘ஃபொண்ட்’டைக் ‘கைவிடத்தக்கது’ என்று அறிவித்தது. ஏரணப்படி அது நல்ல முடிவுதான். ஆனால் அதே ஆண்டுகளில் இலங்கைத் தமிழர் பலர் பாமினி எழுத்துருவில் இணையப் பக்கங்களை எழுதிக்கொண்டிருந்தனர். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டச்சிட்டால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது ‘இந்தப் பகுதியைப் பாமினியில் காட்டு’ என்று சொல்லும் ‘ஃபொண்ட்’ குறிச்சொல்தான்.

உலாவியிலிருந்து ‘ஃபொண்ட்’ முற்றாக நீக்கப்பட்டிருந்தால், அன்று எழுதப்பட்ட ஓர் ஆங்கிலப் பக்கம் தன் நிறத்தை மட்டும் இழந்திருக்கும், சொற்கள் அப்படியே நின்றிருக்கும். பாமினியில் எழுதிய பக்கமோ, எழுத்துரு கணினியில் இருந்தாலும்கூட, பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாக மாறியிருக்கும். அலங்காரம் என்று எண்ணி நீக்கப்படும் ஒன்று வேறொரு மொழியில் உயிர்நாடியாக இருக்கக்கூடும். எழுத்தைக் கண்சிமிட்டச் செய்த ‘பிளிங்க்’ குறிச்சொல்லை ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2013இல் கைவிட்டபோது யாருக்கும் இந்தக் கதி நேரவில்லை, ஏனெனில் சிமிட்டல் போனாலும் சொல் போகவில்லை.

பரீட்சையில் ஆசிரியர் சொன்னபடியே எழுதுங்கள். புதிய பக்கத்துக்கு சி.எஸ்.எஸ்.உம், எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீடாகிய யுனிகோட் எழுத்துமே வேண்டும். அண்ணாவின் புத்தகத்தை மட்டும் எறிந்துவிடாதீர்கள். பழைய தமிழ்ப் பக்கமொன்றைத் திறந்து யுனிகோடுக்கு மாற்ற வேண்டிய நாளில் அது உதவும்.

சிவனொளிபாதமலை பருவகாலத்தில் யாத்திரிகர்களைத் தங்கவைக்கும் ஒரு விடுதிக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். ‘மலையேற வருபவர்கள்’ என்று தொடங்கி, கம்பளிச் சட்டை, டோர்ச், மழைக்கோட்டு, குடிநீர் என்று பட்டியலிட்டு, ‘ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும்’ என்று முடித்தேன். முழுவதையும் ஒரே ‘பி’ குறிச்சொல்லுக்குள், அதாவது ஒரே பந்திக்குள் வைத்தேன். பட்டியலுக்குப் பின்வரும் வரி மட்டும் வேறு நிறத்திலும் வேறு அளவிலும் தெரிகிறது. சரிபார்க்கும் கருவியும் பிழை என்கிறது. வாக்கியம் ஒன்றுதானே? பந்திக்குள் பட்டியல் வைக்கக்கூடாது என்ற விதியை ஏன் மாற்றக்கூடாது?
– இணைய வடிவமைப்பாளர், ஹட்டன்

இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதைவிடப் பலமான ஒரு வாதமும் உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் நடந்தது என்னவென்று பார்ப்போம். எச்.டி.எம்.எல்.இல் பந்தியைத் திறக்கும் குறிச்சொல் கட்டாயம், மூடும் குறிச்சொல் கட்டாயமில்லை. தொடக்க காலம் முதலே நிலைமை இதுதான். மூடாமல் விடப்பட்ட பந்தி எங்கே முடிகிறது என்பதை உலாவிதான் தீர்மானிக்க வேண்டும். ஆகவே பட்டியல், தலைப்பு, ‘டிவ்’ என்னும் பெட்டி போன்ற ஒன்று தொடங்கியதும், அதற்கு முன்பே பந்தி முடிந்துவிட்டது என்று உலாவி எடுத்துக்கொள்கிறது. நீங்கள் பட்டியலைத் திறந்த கணத்தில் உங்கள் பந்தி மூடப்பட்டுவிட்டது. ‘ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும்’ என்ற பகுதி எந்தப் பந்திக்கும் உரியதாகாமல் வெளியே அநாதையாக நிற்கிறது. பந்திக்கு நீங்கள் கொடுத்த நிறமும் அளவும் அதற்குக் கிடைக்கவில்லை. இறுதியில் நீங்கள் எழுதிய மூடும் குறிச்சொல்லுக்குத் துணை இல்லாததால், உலாவி அங்கே வெறுமையான பந்தியொன்றைத் தானாகவே உண்டாக்கியிருக்கும்.

விதியை மாற்றினால் என்ன நேரும்? பந்தியை மூடாமலே எழுதப்பட்ட பக்கங்கள் உலகெங்கும் ஏராளமாக உள்ளன. இனிமேல் பட்டியலும் பெட்டியும் பந்தியை மூடாது என்று ஆக்கினால், அப்பக்கங்களில் கடைசிப் பந்திக்குப் பின்வரும் பட்டியல், பெட்டி, பக்கத்தின் அடிக்குறிப்பு எல்லாமே அந்தப் பந்தியின் வயிற்றுக்குள் போய்விடும். பந்தியின் நிறம் அவற்றுக்குப் பரவும், இடைவெளிகள் குலையும். எழுதியவர்கள் மறந்துவிட்ட பக்கங்களைத் திருத்த யாரும் வரமாட்டார்கள்.

நீங்கள் கேட்கும் மாற்றம் ஒருமுறை உண்மையாகவே முன்வைக்கப்பட்டது. டபிள்யூ3சி எனப்படும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தயாரித்துவந்த எக்ஸ்.எச்.டி.எம்.எல். 2 வரைவில், பந்தி என்பது ஒரு கருத்தின் முழு அலகு, ஆகவே அதற்குள் பட்டியலும் அட்டவணையும் மேற்கோளும் வரலாம் என்று எழுதப்பட்டிருந்தது. படிக்க மிக அழகான விதி. ஆனால் அந்த மொழி பழைய பக்கங்களோடு ஒத்துப்போகாமல் புதிதாகத் தொடங்க எண்ணியது. உலாவி செய்வோர் அதனைக் கையில் எடுக்கவில்லை. 2009இல் அதன் பணிக்குழுவை நீட்டிப்பதில்லை என்று முடிவாயிற்று. சரியான விதி, தவறான வாகனத்தில் ஏறிப் பள்ளத்தில் விழுந்தது என்றே அதை நினைக்கிறேன்.

இன்றைய தரநிலை இந்தச் சிக்கலை மறைக்கவில்லை. வாக்கியத்தின் நடுவே பட்டியல் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை அதுவே எழுப்பி, எச்.டி.எம்.எல்.இல் பந்தி என்பது கருத்தின் அலகு அல்ல, அமைப்பின் அலகு என்று விடை சொல்கிறது. முழு வாக்கியத்தையும் ‘டிவ்’ பெட்டிக்குள் வைத்து, நிறத்தையும் அளவையும் பெட்டிக்குக் கொடுப்பதே அது காட்டும் வழி. நீங்களும் அப்படியே செய்யுங்கள், நாளைக்கே பக்கம் சரியாகிவிடும்.

இனி அந்தப் பலமான வாதத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இதே செய்தியை எழுதினால் வினை முன்னே வந்துவிடும், பட்டியல் கடைசியில் நிற்கும், பட்டியலோடு வாக்கியமும் முடியும். பந்தி பட்டியலுக்கு முன்பே மூடப்பட்டாலும் அறுந்து தொங்குவதற்கு மிச்சமாக எதுவும் இராது. தமிழில் வினைமுற்று இறுதியில் வருகிறது. ‘ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும்’ என்பது வாக்கியத்தின் வால் அன்று, அதன் முதுகெலும்பு. அந்த வரியில் ‘வேண்டும்’ என்பதற்குப் பதிலாக ‘வேண்டாம்’ என்று இருந்தால் முழுப் பட்டியலின் பொருளும் தலைகீழாகிவிடும். பந்தியிலிருந்து அறுபடுவது ஆங்கிலத்தில் பெரும்பாலும் வெறுமை, தமிழில் பொருள். சிங்களத்திலும் வினை கடைசியிலேயே வருவதால் அந்த மொழியில் எழுதுவோருக்கும் இதே இடர் உண்டு.

‘கொண்டுவர வேண்டியவை’ என்று தலைப்புப் போல எழுதி, வினையை முன்னே இழுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அவசரத்துக்கு அப்படிச் செய்யலாம். ஆனால் குறிச்சொல்லுக்கு இடங்கொடுக்க மொழி வளைய வேண்டும் என்பதை ஒரு விதியாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

ஆகவே, ‘பி’யின் விதியை மாற்றுங்கள் என்று கேட்டால் பழைய பக்கங்களின் பெயரால் மறுப்பார்கள், அந்த மறுப்பு நியாயமானது. ‘வினை இறுதியில் வரும் மொழிகளில் பட்டியலால் பிளவுபடும் வாக்கியத்தை ஒரே அலகாகக் குறிக்க வழி இல்லை’ என்று சிக்கலை முன்வைத்தால், அதற்கு வேறொரு தீர்வு பிறக்க இடமுண்டு. மாறிய விதிகளைப் பாருங்கள். எச்.டி.எம்.எல். 4இல் இணைப்பைக் குறிக்கும் ‘ஏ’ குறிச்சொல்லுக்குள் ஒரு முழுப் பெட்டியை வைப்பது பிழை, எச்.டி.எம்.எல். 5 அதை அனுமதித்தது. சொல்லும் பொருளுமாக அடுக்கும் ‘டி.எல்.’ பட்டியலில் ஒவ்வொரு சோடியையும் ‘டிவ்’ பெட்டியில் இடுவதும் பின்னர் ஏற்கப்பட்டது. இவை எளிதாக நிறைவேறியதற்குக் காரணம், உலாவிகள் ஏற்கெனவே அவற்றைச் சரியாகவே வாசித்துவந்தன என்பதுதான். எழுதுபவருக்கான புத்தகத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதுமாயிருந்தது. வாசிக்கும் புத்தகத்தையே திருத்த வேண்டிய இடத்தில் வேலை பலமடங்காகும். தெரிவுப் பெட்டியாகிய ‘செலெக்ட்’டுக்குள் ஒரு பிரிகோடு போடும் ‘எச்.ஆர்.’ குறிச்சொல்லை அனுமதிக்கவே 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஏனெனில் அதுவரை உலாவிகள் அந்தக் கோட்டை வாசிக்கும்போதே எறிந்துவிட்டன. உங்கள் ‘பி’ இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது, அதிலும் மிகக் கடினமானது.

தமிழ் எழுத்தைச் சாய்த்துக் காட்டும் ‘ஐ’ குறிச்சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமா?
– வாசகர், அப்புத்தளை

வேண்டியதில்லை. எச்.டி.எம்.எல். 4இல் அதன் பொருள் ‘சாய்ந்த எழுத்து’. எச்.டி.எம்.எல். 5இல் அந்தப் பொருள் மாற்றப்பட்டு, பிறமொழிச் சொல், கலைச்சொல், வேறு குரலில் வருவது போன்ற பகுதி என்றாயிற்று. குறிச்சொல்லை வைத்துக்கொண்டு சி.எஸ்.எஸ். மூலம் சாய்வை நீக்கி, வேறு நிறமோ வேறு எழுத்துருவோ கொடுக்கலாம்.

என் மகனுக்குப் பார்வை இல்லை. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு இணையத்தில் படிக்கிறான். நான் பாடசாலையில் கற்பிப்பதால் மாணவர்களுக்காகப் பக்கங்கள் எழுதுவதுண்டு. ஒவ்வொரு பிரிவின் தலைப்பையும் ‘எச்1’ என்றே எழுதலாம், பிரிவு எந்த ஆழத்தில் உள்ளதோ அதற்கேற்ப உலாவி தலைப்பின் நிலையைக் கணித்துக்கொள்ளும் என்று சில ஆண்டுகளுக்கு முன் படித்தேன். அப்படி எழுதிய பக்கத்தில் மகனுக்கு எல்லாமே முதல்நிலைத் தலைப்பாகக் கேட்கிறது. இப்போது அந்த விதியே இல்லை என்கிறார்கள். ஏன் மாற்றினார்கள்?
– ஆசிரியை, பண்டாரவளை

உங்கள் மகன் கேட்டதே அந்த விதி நீக்கப்பட்டதன் முழுக் காரணம். நீங்கள் படித்தது தவறல்ல. தரநிலையில் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. பிரிவுக்குள் பிரிவு வந்தால், உள்ளேயுள்ள ‘எச்1’ இரண்டாம் நிலையாகவும் அதற்குள் வருவது மூன்றாம் நிலையாகவும் கணிக்கப்படும் என்பதே ஏற்பாடு. ஆனால் உலாவிகள் அந்தக் கணிப்பைத் திரைவாசிப்பு மென்பொருளுக்கு வழங்கவில்லை. கண்ணால் பார்ப்போருக்கு உள்தலைப்புகள் சிறிய எழுத்தில் தெரிந்ததால் ஏற்பாடு வேலை செய்வது போலத் தோன்றியது. தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் பக்கத்தின் அமைப்பை அறிய வேண்டிய பார்வையற்றவருக்கோ, ஒரு நூலின் எல்லா அத்தியாயங்களும் துணைப்பிரிவுகளும் ஒரே மட்டத்தில் கொட்டப்பட்டது போலாயிற்று. மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்தக்கூடிய அணுகுதன்மைக்காகக் குரல் கொடுப்போர் இதை ஆண்டுக்கணக்காகச் சுட்டிக்காட்டினர். 2022இல்தான் அந்தக் கணிப்பு முறை தரநிலையிலிருந்து எடுக்கப்பட்டது.

விதி எழுத்தில் இருந்தும் உலாவிகள் நிறைவேற்றாத நிலையில், நம்பி எழுதியவர்களும் அவர்களின் வாசகர்களுமே பாதிக்கப்பட்டனர். இத்தனை ஆண்டுகள் தாமதித்தது தவறு என்பதே என் உறுதியான கருத்து. இப்போது செய்யவேண்டியது எளிது: பக்கத்தின் தலைப்புக்கு ‘எச்1’, பிரிவுகளுக்கு ‘எச்2’, அதன் உட்பிரிவுகளுக்கு ‘எச்3’ என்று நீங்களே நிலையை எழுதுங்கள். பக்கத்தின் முதற் குறிச்சொல்லில் மொழி தமிழ் என்று அறிவிக்கும் ‘லாங்’ பண்பையும் மறவாதீர்கள். அது இல்லாவிட்டால் வாசிக்கும் மென்பொருள் தமிழை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைத்துவிடக்கூடும். பாடத்தின் நடுவே சிங்களமோ ஆங்கிலமோ வந்தால் அந்தப் பகுதிக்கும் தனியே மொழியைக் குறிப்பிடலாம்.

நான் தோட்டத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். தொழிலாளரின் வேலைநாளையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் படிவம் மாறினாலும் பழைய செக்ரோலை நாங்கள் எறிவதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஒருவர் விண்ணப்பிக்கும்போது என்றோ எழுதிய பேர்க்கணக்கைப் புரட்ட வேண்டி வரும். இந்த இணைய விதிகளை மாற்றுகிறவர்கள் யார்? அந்தச் சபையில் நம்மவர்கள் பேச இடமுண்டா?
– வாசகர், பொகவந்தலாவை

ஐயா, பழைய கணக்கை வாசிக்க முடியாமல் போனால் நட்டம் யாருக்கு என்பதைத் தோட்டக் கணக்குப் பார்த்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1990களின் நடுப்பகுதிக்குப் பின் இவ்விதிகளை டபிள்யூ3சி வகுத்துவந்தது. பழைய பக்கங்களைக் கைவிட்டு எக்ஸ்.எச்.டி.எம்.எல். வழியில் அது செல்ல முற்பட்டபோது, ஆப்பிள், மொசில்லா, ஓப்பரா ஆகிய உலாவிக்காரர்கள் உடன்படாமல் 2004இல் வாட்டபிள்யூஜி என்ற தனிக்குழுவைத் தொடங்கினர். பல ஆண்டுகள் இரு இடத்திலும் இருவேறு பிரதிகள் ஓடின. 2019 மே மாதம் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வாட்டபிள்யூஜி பேணும் ஒரே பிரதியே தரநிலை என்றாயிற்று. அதன் வழிநடத்தும் குழுவில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசொஃப்ட், மொசில்லா என்ற நான்கு நிறுவனங்கள் உள்ளன. ஒரு மாற்றம் ஏற்கப்பட வேண்டுமானால் குறைந்தது இரண்டு உலாவித் தரப்பினர் ஆதரிக்க வேண்டும், பலமான எதிர்ப்பு இருக்கக்கூடாது, புதிய நடத்தையைச் சோதிக்கும் சோதனைகளும் எழுதப்பட வேண்டும்.

நால்வர் கையில் இவ்வளவு அதிகாரம் இருப்பது எனக்குக் கவலை தருகிறது. ஒரு பழைய நடத்தையை நீக்கலாமா என்று பார்க்க, எத்தனை பக்கங்கள் அதைப் பயன்படுத்துகின்றன என்று அவர்கள் அளக்கிறார்கள். அளப்பது நல்லதே. ஆனால் அந்த எண்ணிக்கையில் பாமினியில் எழுதப்பட்ட இலங்கைத் தமிழ்ப் பக்கங்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கூடையில் ஓர் இலை அளவுதான் தேறும். எண்ணிக்கை சிறிது என்பதால் இழப்பும் சிறிது என்று சொல்லிவிட முடியாது.

ஆயினும் கதவு திறந்தே இருக்கிறது. கருத்துச் சொல்ல உறுப்பினராகவோ கட்டணம் செலுத்தவோ வேண்டியதில்லை. தரநிலையின் வாசகத்தையே திருத்தி அனுப்புபவர் மட்டும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். எழுத்துமூலமான எதிர்ப்பால் முடிவு திரும்பியதும் உண்டு. 2011 அக்டோபர் இறுதியில், தரநிலையின் ஆசிரியராக இருந்த இயன் ஹிக்சன், திகதியையும் நேரத்தையும் குறிக்கும் ‘டைம்’ குறிச்சொல்லை நீக்கி, எல்லாத் தரவுக்கும் பொதுவான ‘டேட்டா’வை அதன் இடத்தில் வைத்தார். பக்கங்கள் எழுதுவோர் பலர் காரணங்களோடு எதிர்த்தனர். சில வாரங்களுக்குள் ‘டைம்’ மீண்டது. இன்று இரண்டுமே தரநிலையில் உள்ளன. எழுத்தின் மேல் சிறிய எழுத்தில் உச்சரிப்பைக் காட்டும் ‘ரூபி’ குறிச்சொல்லும் நினைவுக்கு வருகிறது. அது ஜப்பானிய எழுத்து மரபின் தேவை. அந்த மொழியினர் தேவையை விளக்கியதால்தான் உலகத் தரநிலையில் அதற்கு இடம் கிடைத்தது. தமிழ் எழுத்துக்கு இணையத்தில் எவை இன்னும் குறையாக உள்ளன என்று பதியும் ஆவணமொன்றை டபிள்யூ3சியின் பன்னாட்டுமயப் பிரிவு பேணிவருகிறது, அதற்கும் குறைகளை எழுதி அனுப்பலாம்.

அந்த விவாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு முன்னுரிமை வரிசை உண்டு. முரண்பாடு வந்தால் முதலில் வாசிப்பவர், அடுத்து பக்கம் எழுதுபவர், பின்னர் உலாவி செய்பவர், அதன் பின்னரே விதி வகுப்பவர், எல்லோருக்கும் கடைசியில் கோட்பாட்டுத் தூய்மை. ஆகவே எழுதுகிறவர் தீர்வோடு தொடங்காமல் சிக்கலோடு தொடங்க வேண்டும். யாருக்கு, எந்தப் பக்கத்தில், என்ன நேர்ந்தது என்பதை முதலில் சொல்லி, அதைத் திறந்து பார்க்கக்கூடிய ஒரு சிறு மாதிரிப் பக்கத்தையும் இணைக்க வேண்டும். ஹட்டன் அன்பரின் கம்பளிச் சட்டைப் பட்டியல் அதற்கு நல்ல மாதிரி. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, இரண்டிலும் வினை எங்கே அறுபடுகிறது என்று காட்டி, பண்டாரவளை ஆசிரியையின் மகன் போன்ற ஒருவருக்கு அது எப்படிக் கேட்கிறது என்பதையும் சேர்த்து அவர் அனுப்ப முன்வந்தால், ஆங்கில வாசகத்தைச் சரிபார்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். மாதிரிப் பக்கத்தை அடுத்த இதழுக்கு முன்னர் எனக்கு அனுப்பி வைக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.